பழையதை விலைக்கு வாங்குதல்

2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய வாரங்களில் நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்தவர்களுக்கென்று பல ஊர்களிலிருந்தும் லாரிகளில் வந்து இறங்கியவை அவை. வீடும் படகும் வலையும் போய், பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்து நின்ற மீனவ மக்கள் அவற்றில் பெரும்பகுதியைத் தொட மறுத்தார்கள். துணி மண்ணோடு மண்ணாக மக்கியது. கட்டத் துணியில்லாதபோதும் இவர்களுக்கு இத்தனை வீம்பா என்று பேசியவர்கள் உண்டு. கடலுக்குப் போய்ச் சம்பாதித்து, தன் காசில் துணி எடுத்து உடுத்திய சமூகம் அது. பிறர் கழித்துப்போட்டதை உடுத்தி அவர்களுக்குப் பழக்கமில்லை. இழவு விழுந்த வீட்டு வாசலில் வந்து நின்று, பொத்தான் அறுந்த சட்டையையும் சாயம்போன ரவிக்கையையும் நீட்டினால், நீ இப்போது எந்த இடத்தில் இருக்கிறாய் தெரியுமா என்று கேட்பதுபோல்தான் அவர்களுக்குப் பட்டிருக்கும்.

இன்று இதே தமிழ்நாட்டில், கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் ஒரு பெண், முன்பின் தெரியாத யாரோ உடுத்திய சட்டையை இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்குகிறாள். தையல்காரரிடம் கொடுத்துத் தோள் அளவைக் குறைத்து, மறுநாள் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். எங்கே வாங்கினாய் என்று தோழி கேட்டால் பெருமையாகவே சொல்கிறாள். இரண்டும் பழந்துணிதான். ஒன்றை இன்னொருவர் முடிவுசெய்து கொண்டுவந்து கொட்டினார். மற்றொன்றைத் தானே பார்த்து, வேண்டாதவற்றை ஒதுக்கி, பேரம் பேசி, காசு கொடுத்து எடுத்தாள். பழைய பொருளை வாங்கிப் புதுக்கிப் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது சிக்கனத்தையும் சுற்றுச்சூழலையும் முன்னால் வைக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மானம். கையில் காசோடு, பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையோடு ஒருவர் பழைய பொருளின் முன் நிற்கும்போதுதான் அது வாழ்க்கைக்கு உதவுகிற பொருளாகிறது.

பழந்துணியை ஏற்பதில் வரும் இந்தக் கூச்சத்தை வெறும் மனப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், ஏவல்செய்யும் சூத்திரனுக்கு எச்சில் சோற்றையும் நைந்த துணியையும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளர் உடுத்த வேண்டியது பிணத்தின் ஆடை என்கிறது. அந்த ஏட்டைப் படித்தார்களோ இல்லையோ, நம் ஊர்களில் நடப்பு அதுவாகவே இருந்தது. பண்ணையில் வேலைசெய்தவர்களுக்குப் பழைய வேட்டி கூலியின் ஒரு பகுதியாகவே வந்தது. சாவு வீட்டுத் துணி யாருக்குப் போக வேண்டும் என்பதையும் சாதிதான் முடிவுசெய்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தென்திருவிதாங்கூரில், மார்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல் மன்னர் அதற்கு அனுமதி தந்தபோதும், உயர்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் போடக்கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. எதை உடுத்துவது, எப்படி உடுத்துவது என்பதெல்லாம் பிறர் தீர்மானித்த நிலத்தில், புதுத்துணி என்பது விடுதலையின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாக நின்றதை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க நியாயமில்லை. வருடம் முழுக்கச் சீட்டுக் கட்டித் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை எடுக்கும் குடும்பத்திடம் போய், பூமியைக் காப்பாற்றப் பழையதை உடுத்துங்கள் என்று உபதேசிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பழந்துணியே இழிவானதென்று நம் மக்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. பிறந்த குழந்தையை முதலில் கிடத்துவது பழம்புடவையில்தான். பலமுறை துவைத்து, கஞ்சி போய், நூல் தளர்ந்த பருத்திக்கு வரும் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது. பாட்டியின் சின்னாளப்பட்டிச் சேலை தூளியாகும், அம்மாவின் பட்டு பாவாடையாகும், அண்ணன் கால்சட்டை தம்பிக்கு வரும், கடைசியில் கரித்துணியாகி அடுப்பங்கரையில் முடியும். கிழிந்த காலரைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்து இன்னும் இரண்டு வருடம் உடுத்திய குமாஸ்தாக்கள் இருந்தார்கள். வீட்டுக்குள், சொந்தத்துக்குள், பழந்துணி அன்பின் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. சொந்தம் என்ற வேலியைத் தாண்டி மேலிருந்து கீழே இறங்கும்போதுதான் அதில் இழிவு ஏறுகிறது. அப்படியென்றால் அந்நியர்களுக்கிடையே பழந்துணி இழிவில்லாமல் கைமாற வேறொரு வழி வேண்டும். அந்த வழி சந்தை.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இருந்தார். எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார். 1902-இல் அவர் தொடங்கிய வேலைதான் இன்று குட்வில் என்ற பெயரில் அந்த நாடெங்கும் கடைகளாகப் பரந்திருக்கிறது. வசதியானவர்களின் வீடுகளில் கழித்த துணியையும் மேசை நாற்காலிகளையும் சாக்குகளில் வாங்கிவந்தார். வேலையில்லாத ஏழைக் குடியேறிகளுக்குக் கூலி கொடுத்து அவற்றைத் தைக்கவும் பழுதுபார்க்கவும் வைத்தார். பிறகு அவற்றை அதே மக்களுக்குக் குறைந்த விலைக்கு விற்றார். தானம் வேண்டாம், வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் அந்த அமைப்பின் கொள்கை. பிரிட்டனில் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் ஆக்ஸ்ஃபாம் திறந்த கடையும் கொடுப்பவரையும் எடுப்பவரையும் நேருக்கு நேர் நிறுத்தவில்லை. நடுவில் ஒரு கல்லாப்பெட்டி வந்துவிட்டது. அந்தக் கல்லாப்பெட்டி செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து அது வாங்குபவரை விடுவித்தது.

நம் நாட்டில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச், வேறொரு பாதையில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. நகரங்களில் திரட்டிய துணியைத் தரம்பிரித்துக் கட்டி, கிராமத்தில் கிணறு தூர்வாரியவர்களுக்கும் சாலை போட்டவர்களுக்கும் உழைப்புக்கான ஈடாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஆழிப்பேரலைக்குப் பின் தேங்கிக் கிடந்த துணியைப் பிரித்துச் சீர்செய்யும் வேலையிலும் அந்த அமைப்பு இறங்கியது. குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தபோது பெரிதாகப் பேசப்பட்டது துணியைப் பற்றித்தான். மக்களைப் பிச்சை எடுப்பவர்களாக ஆக்காமல் துணியை அவர்கள் கைக்குச் சேர்த்த முறையே அதைவிடப் பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

நம் தெருக்களிலும் இந்தச் சந்தையின் வேர் இருந்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு கூடையோடு வரும் பெண்மணி செய்தது வியாபாரம். நான்கு புடவைக்கு ஒரு தூக்குவாளி வருமா, சரிகை தேறுமா என்று வாசற்படியில் ஒரு மணி நேரம் பேரம் நடக்கும். வடக்கே டெல்லி ரகுபீர் நகரில், விடிவதற்கு முன்னால் கூடும் சந்தையில், வாக்ரி சமூகத்துப் பெண்கள் இப்படிப் பாத்திரத்துக்கு மாற்றிய துணிகளைக் கொண்டுவந்து விற்கிறார்கள். அங்கிருந்து தைத்து, வெளுத்து, இஸ்திரி போட்டு இன்னொரு சந்தைக்கு அவை போகின்றன. ஒரு சட்டைக்குப் பின்னால் இத்தனை பேருடைய பிழைப்பு இருக்கிறது.

சென்னையில் இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போக வேண்டும். பழைய டிரங்க் ரோட்டில் கட்டில், கதவு, சுழல் நாற்காலி, மிக்ஸி, செடி, கோழிக்குஞ்சு என்று எல்லாவற்றுக்கும் நடுவே துணிக் குவியலும் இருக்கும். அதில் தேடுவது ஒரு கலை. தெரிந்தவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை. சட்டையை உதறி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்கள். நைந்த இடம் சல்லடையாகக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்துக் காலர் மடிப்பு, அக்குள், கால்சட்டையானால் தொடையிடுக்கு, ஜிப். பிறகு உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள்.

"அண்ணே, அக்குள்ல தையல் விட்டிருக்கே, இதுக்குப் போய் இவ்ளோ சொல்றீங்க?" என்று ஒரு பெண் கேட்கிறார்.

"தையல்தானேம்மா விட்டிருக்கு, துணி விடலையே. சரி, பத்து ரூபா கொறைச்சுக் குடு" என்கிறார் கடைக்காரர்.

இந்த இரண்டு வரிப் பேச்சில் இருக்கும் சமத்துவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பொருளின் குறையை அவர் மறைக்கவில்லை. வாங்குபவரும் குறையைச் சொல்லத் தயங்கவில்லை. தானமாக வந்த துணியில் அக்குள் கிழிந்திருந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

உள்தையலைத் திருப்பிப் பார்ப்பதில் இன்னொரு செய்தியும் கிடைக்கும். முன்பு தையல்காரர்கள் பக்கத்துக்கு ஓரங்குலமாவது உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம், கை நீளத்தை இறக்கலாம். ஒரு சட்டைக்கு இரண்டு மூன்று உடம்புகளை எதிர்பார்த்தே கத்திரிக்கோல் வைத்தார்கள். இப்போதைய ரெடிமேடுகளில் ஓவர்லாக் ஓடி, மிச்சத் துணி மில்லிமீட்டர் கணக்கில் வெட்டப்பட்டிருக்கிறது. பிரித்துவிட அங்கே எதுவும் இல்லை. டக் பிடித்துச் சிறிதாக்கலாமே தவிரப் பெரிதாக்க முடியாது. மரத்தடியில் ஒற்றைத் தையல் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் ஆல்ட்டரேஷன்காரர்தான் இந்தப் பழந்துணி உலகத்தின் உண்மையான ஆடை வடிவமைப்பாளர். துணியில் இடம் இருந்தால்தான் அவருடைய கைவேலைக்கும் இடம்.

மரச்சாமான்களுக்கு வரும்போது இந்தக் கூச்சம் அப்படியே தலைகீழாகிறது. பழந்துணி என்றால் முகம் சுளிக்கிறவர்களும் பழைய தேக்கு நாற்காலியை வரவேற்பறையின் நடுவில் போட்டு, எங்கே கிடைத்தது என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தூண், கதவு, எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப்படங்கள் என்று வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள். இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பணத்தில், பர்மாத் தேக்கால் கட்டிய வீடுகளின் பொருள்கள் அவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தது, விட்டுவந்த சொத்து திரும்பவில்லை, பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்க ஆளில்லாத வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் வரும் முஸ்தபாக்கண்ணு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றே நாளைக் கடத்துகிறார். பழம்பொருள் கடையில் நாம் தடவிப் பார்க்கும் பொருள்களில் பலவற்றுக்குப் பின்னால் அப்படி ஒரு வீடு சரிந்திருக்கிறது.

மரத்துக்கு மட்டும் பழமை பெருமை சேர்ப்பது ஏன்? மரம் உடம்பில் ஒட்டுவதில்லை என்பது பாதிக் காரணம்தான். அது மேலே இருந்தவர்களின் வீட்டிலிருந்து வருகிறது என்பது மீதிக் காரணம். பழந்துணி வாங்கினால் கீழே இறங்குவதாகவும் பழந்தேக்கு வாங்கினால் மேலே ஏறுவதாகவும் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கிடந்த திண்ணைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றே பேசியவர்கள் இருக்கிறார்கள். நிற்க மட்டுமே அனுமதிக்கப்பட்டவர்களின் பேத்தி ஒருத்தி தன் சம்பளத்தில் அந்த நாற்காலியைப் பேரம் பேசி வாங்கி, கால் மேல் கால் போட்டு உட்கார முடியும் என்றால், பழம்பொருள் சந்தை சமூகத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இந்த வாங்குதலை வெறும் அலங்கார ரசனையாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படி ஒரு நாற்காலி பழைய சாமான் கடையில் பெரும்பாலும் பச்சையோ காவியோ எனாமல் பெயிண்ட் அப்பிய கோலத்தில்தான் கிடைக்கும். அடிப்பக்கம் கவிழ்த்து, பெயிண்ட் படாத இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் மரம் தெரியும். காலை ஆட்டிப் பார்த்தால் கழுந்து தளர்ந்திருக்கிறதா என்று தெரியும். தளர்ந்திருந்தால் கவலையில்லை, கழற்றிப் பசை வைத்து இறுக்கலாம். பொடிப்பொடியாக மாவு கொட்டினால் மட்டும் விட்டுவிட வேண்டும், உள்ளே பூச்சி இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டி எடுத்தபின் உப்புத்தாள். முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாளுக்கு வர வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும்; அவசரப்பட்டுக் குறுக்கே இழுத்தால் அந்தக் கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் ஏறியபின் வெளிச்சத்தில் தெரியும். பிறகு, ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறிக் கரைந்த அரக்கு. அரக்குப் பூச்சிகள் கிளைகளில் சுரக்கும் பிசினிலிருந்து எடுப்பது. உலகத்துக்கே அதைப் பெருமளவில் தருவது நம் நாடு, அதிலும் ஜார்க்கண்ட். பஞ்சைத் துணியில் பொதிந்து அரக்கில் தோய்த்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் கையை ஓட்டிக்கொண்டே, பூச்சின் மேல் பூச்சாக ஏற்ற வேண்டும். அந்தப் பொதிக்குப் புதுத்துணி உதவாது, கஞ்சி இருக்கும், பிசிர் விடும். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணிதான் வேண்டும் என்று பாலிஷ்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். தேக்குக்குக் கிடைக்கும் மரியாதையில் நைந்த பருத்தியின் உழைப்பும் இருக்கிறது.

நாம் இன்று வாங்கும் புதுப்பொருள்களில் எவை இப்படி இன்னொரு கைக்குப் போகும்? மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் செய்த அலமாரி, ஒரு மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் புகுந்தால் ஊதிவிடுகிறது. ஸ்குரூவை ஒருமுறை கழற்றினால் அதே ஓட்டையில் மறுபடி பிடிப்பதில்லை. பாலியெஸ்டர் கலந்த மலிவுத் துணி கிழிவதற்கு முன்பே உருண்டை உருண்டையாகத் திரண்டு அசிங்கமாகிவிடுகிறது. கம்பளி நைந்த பின்னும் பயன்படும்: அதைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் முறையை 1813-இல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா கண்டுபிடித்தார். அந்தத் தொழில் இன்று பெரிய அளவில் நடப்பது அரியானாவின் பானிப்பட்டில். குளிர்நாடுகளின் பழந்துணி கண்ட்லா துறைமுகம் வழியாக வந்து, பொத்தானும் ஜிப்பும் வெட்டப்பட்டு, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, நூலாகிக் கம்பளியாகிறது. நிறம் பிரித்துவிடுவதால் சாயம் போடவே தேவையில்லை. 2012-இல் மேக்னா குப்தா எடுத்த 'அன்ராவல்' என்ற குறும்படத்தில் அங்கே வேலைசெய்யும் பெண்கள் பேசுகிறார்கள். இவ்வளவு நல்ல துணியை ஏன் தூக்கிப் போடுகிறார்கள், அந்த ஊரில் துவைக்கத் தண்ணீர் கிடைக்காதோ என்று யோசிக்கிறார்கள். துவைத்து உடுத்தும் உலகத்தில் வாழ்கிறவர்களுக்குத் தோன்றக்கூடிய மிக நியாயமான விளக்கம் அதுதான்.

பழையதை எரித்துவிடுவது எளிது. 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகையில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. சந்தையை இழப்பதும் எளிது. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகமும் பழைய சாமானும் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைத்த இடம், 1985 மே மாதத் தீயோடு முடிந்தது. அந்த இடத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. அதன்பிறகு சென்னைக்கு அப்படி ஒரு கூரை அமையவில்லை. வாரச்சந்தைகளை ஆக்கிரமிப்பு என்று பார்க்காமல், நிழலும் கழிப்பறையும் நிரந்தர இடமும் தருவது உள்ளாட்சிகளின் கடமை. துணியைக் கொடுப்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது: விற்பதாக இருந்தால் எப்படித் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து வைப்போமோ அப்படிக் கொடுப்பது. அதைச் செய்ய மனமில்லாத துணியை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே மரியாதை.

பழையது இப்போது நாகரிகமாகிவருவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் சந்தையின் நல்ல சரக்கையெல்லாம் காலையிலேயே அள்ளி, படம் பிடித்து மூன்று மடங்கு விலைக்கு விற்றால், அந்தச் சந்தையை நம்பி வாழ்கிறவர்களுக்குக் குவியலின் அடிமட்டம்தான் மிஞ்சும். ஒரே சட்டையை மென்பொருள் ஊழியர் போட்டால் ரசனை, கட்டிடத் தொழிலாளி போட்டால் இல்லாமை என்று பார்க்கும் கண் இன்னும் மாறவில்லை. இரண்டு பேரும் ஒரே குவியலில் தேடுகிறார்கள்; ஒருவருக்குப் புதுத்துணிக் கடையும் திறந்திருக்கிறது, மற்றவருக்கு இது மட்டும்தான். அந்த வேறுபாடு இருக்கும்வரை பழையதை வாங்குவது எல்லோருக்கும் ஒரே அர்த்தத்தைத் தராது. புதியதையும் வாங்க முடிந்தவர் பழையதை எடுக்கும்போதுதான் அது தேர்வு. அதனால் பழந்துணிக்காகவும் பழைய மரத்துக்காகவும் பேசுகிற நாம், அவற்றைத் தைக்கிறவருக்கும் பாலிஷ் போடுகிறவருக்கும் குவியலில் தேடுகிறவருக்கும் கிடைக்கும் கூலிக்காகவும் அதே அக்கறையோடு பேச வேண்டும்.